பச்சைச் சளியும் அரை அட்டை மாத்திரையும்

காட்பாடியில் ஒரு மருந்துக்கடையில் 18 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். பனிக்காலம் வந்துவிட்டால், சைனஸ் என்று சொல்லிச் சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் தினமும் வருவார்கள். சென்ற வாரம் வாலாஜாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்கோ கத்தரித்துக் கொடுத்தது. ‘மைசின் 500’ என்ற எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. பெயரின் முன்பாதியும் காலாவதித் தேதியும் வெட்டிய மறுபாதியோடு போய்விட்டன. “போன வருஷம் இதுல மூணு போட்டேன் தம்பி, சரியாப் போச்சு. அதையே குடுப்பா” என்றார். சளி பிடித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் பச்சையாக வருகிறதே என்பது அவருடைய கவலை.

இந்த நிறம்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியே சளியைப் பச்சையாக்குகிறது. வைரஸ் சளியிலும் அது நடக்கும்; வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. வயது வந்தவர்களுக்கு வரும் வைரஸ் சளியில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் அது பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுவதில்லை. பத்து நாளுக்குள் பெரும்பாலும் தானே குறையும் சளிக்கு ஐந்தாம் நாள் மாத்திரை போட்டு, எட்டாம் நாள் மூக்கு திறந்தால், பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

பத்து நாளாகியும் சற்றும் குறையாமல் இருந்தாலோ, குறைந்துவந்த சளி மறுபடி காய்ச்சலோடு முற்றினாலோ, தொடக்கத்திலேயே 102 டிகிரிக் காய்ச்சலும் சீழ்ச்சளியும் முகவலியும் மூன்று நான்கு நாள் நீடித்தாலோ பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் மருத்துவர் வழக்கமாக முதலில் எழுதுவது அமாக்சிசிலின், அல்லது அதோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரை. பெரியவர் காட்டிய துண்டு அசித்ரோமைசினாகவே இருந்தாலும், அது முதல் தேர்வே அல்ல. சைனஸ் தொற்றை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி அதற்குப் பெருமளவு பழகிவிட்டது. லிவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கை, வேறு வழியிருக்கும்போது சைனஸுக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இலேயே எச்சரித்தது. தசைநாண்களையும் நரம்புகளையும் அது பாதிக்கக்கூடும். நம் நாட்டிலும் 2014 முதல் அந்த மருந்து எச்1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னால் “அடுத்த கடையில் தருகிறார்களே” என்று கோபிக்கிறார்கள். தருகிறார்கள் என்பது உண்மைதான், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

காத்திருக்கும் நாட்களில் கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவலாம், வலிக்குப் பாராசிட்டமால் போடலாம். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைக்கும். ஆனால் கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல், கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி இருந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் கன்னம் மரத்துப்போனாலே ஓட வேண்டும். 2021-இல் கரும்பூஞ்சை எத்தனை பேரின் கண்ணைப் பறித்தது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பெரியவருக்குச் சர்க்கரை இல்லை, காய்ச்சலும் இல்லை. பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, பத்தாவது நாள் எந்தக் கிழமை என்று பில்லின் பின்புறம் எழுதித் தந்தேன். அன்றும் குறையாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகச் சொன்னேன். முகம் அவ்வளவாகத் தெளியவில்லை, ஆனாலும் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார்.