'டிட்ச்' வேறு, 'அபாண்டன்' வேறு
ஆங்கிலத்தில் 'டிட்ச்' (ditch) என்றாலும் 'அபாண்டன்' (abandon) என்றாலும் கைவிடுவதுதான், இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது பாதிதான் சரி. பள்ளம், வாய்க்கால் என்று பொருள்படும் பெயர்ச்சொல்லிலிருந்து வந்த வினை டிட்ச். வேண்டாததைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகிற அலட்சியம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வகுப்புக்கு மட்டம் போடுவது டிட்ச். அங்கே அபாண்டன் போட்டால் நடுக்கடலில் கப்பலை விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும். அலுவலக மின்னஞ்சலில் ஒருமுறை 'பழைய திட்டத்தை டிட்ச் செய்தோம்' என்று எழுதினேன், மேலாளர் பேசாமல் அதை 'டிராப்' (drop) என்று திருத்தி அனுப்பினார். அப்புறம், பேச்சில் கொச்சையாகப் புழங்கும் டிட்ச் விமானிகளுக்குக் கொச்சையே இல்லை, தொழில்சொல்: விமானத்தை அவசரமாகத் தண்ணீரில் இறக்குவது. 2009-இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் 155 பேரோடு இறங்கியது அப்படித்தான், அத்தனை பேரும் பிழைத்தார்கள். டிட்ச்சுக்குப் பதில் 'டம்ப்' (dump) போடலாமா என்று கேட்டால்: காதலனைக் கழற்றிவிட்டால் போடலாம், வகுப்புக்குப் போட முடியாது.