எனக்கு ஏன் சூடான் வலிக்கவில்லை

சூடானின் மேற்கே, டார்ஃபூரில், அல் ஃபாஷர் என்று ஒரு நகரம். 2024 மே மாதம் தொடங்கி ஐந்நூறு நாளுக்கும் மேல், ராணுவத்தோடு சண்டை போடுகிற ஒரு துணைப்படை அதைச் சுற்றி வளைத்து வைத்திருந்தது. தானியம் உள்ளே போகக்கூடாது, மருந்து போகக்கூடாது, ஆட்கள் வெளியே வரக்கூடாது. உள்ளே இரண்டரை லட்சம் பேர் சிக்கியிருந்தார்கள். கையிருப்பு தீர்ந்தபின் அவர்கள் தின்றது ‘அம்பாஸ்’. எண்ணெய் ஆட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற கடலைப் புண்ணாக்கு. மாட்டுக்கு வைப்போமே, அதேதான். பிறகு அதற்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது.

2025 அக்டோபர் 26 அன்று நகரம் அந்தத் துணைப்படையிடம் விழுந்தது. அங்கிருந்த மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் கூட இருந்தவர்களுமாக 460க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு சொன்னது. மண்ணில் படிந்த சிவப்புக் கறை செயற்கைக்கோள் படங்களில் தெரிகிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். விண்வெளியில் இருந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு.

இதையெல்லாம் நான் வரி விடாமல் படித்தேன். படித்துவிட்டு எழுந்து போய் காபி போட்டேன். தூக்கம் கெடவில்லை, சாப்பாடு இறங்காமல் போகவில்லை. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. தெருமுனையில் ஒரு நாய் வண்டியில் அடிபட்டால் ரெண்டு நாளைக்கு மனசு சரியாக இருக்காது எனக்கு. ஆனால் ஒரு நகரமே பட்டினி கிடந்து செத்த செய்தி உள்ளே இறங்கவே இல்லை. ஏன் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்படிச் சொன்னால் வழக்கமாக ரெண்டு பதில் வரும். ஒன்று, “நீ வசதியாக இருக்கிறாய், வெட்கப்படு.” இன்னொன்று, “உலகத்துத் துக்கத்தை எல்லாம் தலையில் தூக்கிக்கொண்டால் மனுஷன் வாழவே முடியாது, விடு.” ரெண்டுமே எனக்கு உதவவில்லை. வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்த நாட்களில் நான் யோசித்தது அல் ஃபாஷரைப் பற்றி இல்லை, நான் நல்லவளா கெட்டவளா என்பதைப் பற்றி மட்டும்தான். மாதச் சம்பளம் வருகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, காலையில் பள்ளிக்குப் போன மகள் சாயங்காலம் வீடு திரும்புகிறாள். இது குற்றம் இல்லை, எல்லா ஊரிலும் எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டிய வாழ்க்கை. அதை நான் சந்தோஷமாக வாழ்வதால் டார்ஃபூரில் ஒரு பிடி கம்பும் குறையப்போவதில்லை. சரி, அப்போ விட்டுவிடலாமா என்றால் அதற்கும் மனசு ஒப்பவில்லை.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. சூடான் போர் தொடங்கியது 2023 ஏப்ரல் 15, நோன்பு மாதத்தின் கடைசி நாட்களில். அடுத்த சில வாரங்கள் நம் தொலைக்காட்சிகளில் சூடான்தான். ‘ஆபரேஷன் காவேரி’ என்று பெயர் வைத்து, போர்ட் சூடானில் இருந்து கடற்படைக் கப்பலிலும் விமானத்திலும் ஜெத்தாவுக்கு ஆட்களைக் கொண்டுவந்து, அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 3,800க்கும் அதிகமானவர்கள் வந்து சேர்ந்தார்கள், தமிழர்களும் இருந்தார்கள். விமான நிலையத்தில் குடும்பங்கள் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. மே முதல் வாரத்தில் மீட்புப் பணி முடிந்தது. அதோடு நம் செய்திகளில் சூடானும் முடிந்தது. அங்கே ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் வீட்டை விட்டு ஓடியது எல்லாம் அதற்கு அப்புறம்.

வெளிநாட்டில் என்ன நடந்தாலும் நமக்கு முதல் வரி ஒன்றுதான்: “இந்தியர்கள் யாருக்கும் பாதிப்பு இல்லை.” அதைப் படித்ததும் ஒரு நிம்மதி, அந்த நிம்மதியோடு பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். உக்ரைனிலும் இதேதான் நடந்தது. மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வரும்வரை பதைபதைத்தோம், அப்புறம் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது கொஞ்ச நாள் பேசினோம்.

நம்மவர் மேல் பாசம் முதலில் வருவது இயல்பு. பெற்ற பிள்ளைக்குப் பதறுகிற மாதிரி ஊரார் பிள்ளைக்குப் பதற முடியாது, முடியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை. என்னுடைய கேள்வி வேறு. முதலில் நம்மவர், சரி. அத்தோடு ஏன் நிறுத்திவிடுகிறோம்?

இதை மற்ற யாரை விடவும் தமிழர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 2009 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். முள்ளிவாய்க்காலில் ஒரு சிறு கடற்கரைத் துண்டுக்குள் அவ்வளவு சனமும் நெருக்கப்பட்டிருந்த அதே நாட்களில் இங்கே 13ஆம் தேதி வாக்குப்பதிவு, 16ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை, சாயங்காலமானால் டிவியில் ஐபிஎல் கிரிக்கெட். 18ஆம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து இன்று வரை நாம் சொல்லிக்கொண்டிருப்பது, “உலகம் வேடிக்கை பார்த்தது.” ஐ.நா. தன் கடமையில் பெரிய அளவில் தவறியது என்று ஐ.நா.வின் சொந்த உள் விசாரணையே 2012இல் எழுதியது, ஆகவே நாம் சொல்வது வெறும் ஆற்றாமை இல்லை. ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம், உப்பும் அரிசியும் தண்ணீரும் மட்டும் போட்டு. அந்தக் கஞ்சியின் அர்த்தம் தெரிந்தவர்களுக்கு அம்பாஸ் என்பது என்னவென்று விளக்கவே வேண்டியதில்லை. நாம் ‘உலகம்’ என்று யாரைச் சொன்னோமோ, அது நார்வேயிலும் பிரேசிலிலும் கென்யாவிலும் வேலைக்குப் போய் வந்து சோறு தின்று படுத்த என்னைப் போன்ற ஆட்கள்தான். டார்ஃபூர்க்காரர்களுக்கு இப்போது நான்தான் அந்த உலகம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகும் எனக்கு உடனே கண்ணீர் வந்துவிடவில்லை. வந்தது வேறு வழியில்.

திண்டிவனம் பக்கம் ஊரில் இருக்கிற அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் புண்ணாக்கு விஷயத்தைச் சொன்னேன். அம்மா வாழ்நாள் முழுக்க மாடு வளர்த்தவர். “மல்லாட்டப் புண்ணாக்கையா? மனுசங்களா தின்னாங்க? மாட்டுக்கே ஊற வெச்சி அளவாத்தான் வெப்போம், கூடப் போனா அதுக்கே வவுறு உப்பிக்கும்டி,” என்றார். பிறகு வரிசையாகக் கேள்விகள். அந்த ஊரில் மழை பெய்யுமா? என்ன விளையும்? சோளம், கம்பு, எள்ளு, மல்லாட்டை என்றேன். கம்பை என்ன செய்வார்கள் என்று கேட்டார். களி மாதிரி கிளறி ‘அசீதா’ என்று சாப்பிடுவார்கள், சோள மாவைப் புளிக்க வைத்து மெல்லிசாக ‘கிஸ்ரா’ ஊற்றுவார்கள், கிட்டத்தட்ட நம் தோசைதான் என்றேன். “அப்ப நம்ம ஊரு மாரிதானே இருக்கு. ஏன் அடிச்சிக்கிறானுங்க?” என்றார்.

அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. “ஏதோ உள்நாட்டுச் சண்டைம்மா” என்று சொல்ல வாய் வந்துவிட்டது. எத்தனை வசதியான வார்த்தை அது! ‘ஏதோ’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அம்மாவுக்குச் சொல்வதற்காகவே உட்கார்ந்து படித்தேன்.

கதை இதுதான். 2018 டிசம்பரில் ரொட்டி விலை ஏற்றத்துக்கு எதிராக அத்பரா என்ற ரயில்வே ஊரில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அது நாடு முழுக்கப் பரவி, முப்பது வருடம் ஆண்ட ஒமர் அல் பஷீர் 2019 ஏப்ரலில் வீழ்ந்தார். ஆயுதம் இல்லாமல், பெண்கள் முன்னால் நின்று நடத்திய போராட்டம். ராணுவத் தளபதி புர்ஹானும், ‘ஹெமெத்தி’ என்று அழைக்கப்படுகிற துணைப்படைத் தலைவர் தகாலோவும் முதலில் சிவிலியன்களோடு ஆட்சியைப் பகிர்ந்துகொண்டு, 2021 அக்டோபரில் இருவரும் சேர்ந்தே அதைக் கவிழ்த்தார்கள். ஹெமெத்தியின் படை, 2003இல் தொடங்கிய டார்ஃபூர் போரில் ஊர் ஊராகக் கொளுத்திய ஜன்ஜவீத் கூட்டத்தில் இருந்து வந்தது. அந்தப் படையை ராணுவத்தோடு இணைக்க இரண்டு வருடம் போதும் என்றது ராணுவம், பத்து வருடம் வேண்டும் என்றது ஹெமெத்தி பக்கம். அதிகாரமும் அதோடு வருகிற வருமானமும் யார் கையில் என்பதுதான் அடியில் இருந்த சண்டை. அது தலைநகர் கார்ட்டூமின் தெருக்களில் பீரங்கியோடு வெடித்தது. கொலையிலும் கொள்ளையிலும் இரு தரப்புக்கும் பங்கு உண்டு, ராணுவம் சந்தைகள் மேலேயே குண்டு போட்டிருக்கிறது. ஆனால் அல் ஃபாஷரைப் பட்டினி போட்டது ஹெமெத்தியின் படை.

அந்தப் படைக்கு ஆயுதம் எங்கிருந்து வருகிறது? ஐக்கிய அரபு அமீரகம் வழியாக வருகிறது என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்று ஐ.நா. நிபுணர் குழு 2024இல் சொன்னது, அமீரகம் மறுக்கிறது. சூடானின் தங்கத்தில் பெரும்பகுதி அமீரகத்துக்குத்தான் போகிறது. நாம் தங்கம் வாங்குகிற முக்கியமான இடங்களில் அமீரகமும் ஒன்று. என் கை வளையலில் டார்ஃபூர் மண் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, உருக்கிய பிறகு தங்கத்துக்கு ஊர் ஏது. துபாய் நகைக்கடை படங்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. வரட்டும் என்றே விட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது என் குரல் உடைந்தது. புகைப்படமோ வீடியோவோ செய்யாததை அந்த இரண்டு வருடம், பத்து வருடம் என்ற பேரம் செய்தது. ஆக இப்போது நான் நினைப்பது, உணர்ச்சி வரவில்லையே என்று நம்மை நாமே கிள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். மனசு எதற்குக் கரையும் என்பது நம் கையில் இல்லை. தெரிந்துகொள்வது நம் கையில் இருக்கிறது. அழுகை பின்னால் வந்தாலும் வரும், வராமலும் போகும், டார்ஃபூர்க்காரர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. அவர்களைப் பட்டினி போட்டவன் யார், அவனுக்குக் காசு கொடுத்தது யார் என்று வெளியே நிறைய பேருக்குத் தெரிந்திருந்தால் ஏதாவது ஆகலாம். 2024 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு அவை முற்றுகையை நிறுத்தச் சொல்லித் தீர்மானமே போட்டது. அதை மீறியபோது நம்மில் எத்தனை பேர் தெருவுக்கு வந்தோம்? முற்றுகையை நிறுத்த வைக்கிற அளவுக்கு மீறலுக்கு விலை இருக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அந்த நாட்டில் சனங்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அந்தந்தத் தெருக்காரர்கள்தான். 2019 புரட்சியின்போது தெருவுக்குத் தெரு அமைத்த குழுக்களில் இருந்து வந்த இளைஞர்கள், ‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் பொதுச் சமையலறை நடத்துகிறார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், செத்தவர்களைப் புதைக்கிறார்கள். இரு தரப்பும் அவர்களைப் பிடித்து அடைத்திருக்கிறது, கொன்றிருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியதும் அந்தச் சமையலறைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஒரு கையெழுத்தில் அடுப்பு அணைந்தது. அந்த வருடம் மனித உரிமைக்காக நார்வேயில் கொடுக்கிற ராஃப்டோ பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. தமிழில் இந்தச் செய்தியை நான் எங்கும் பார்க்கவில்லை.

சூடானில் வேலை பார்த்துவிட்டு 2023இல் கப்பலேறி வந்த தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள். நீங்கள் எந்தத் தெருவில் இருந்தீர்கள், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், ரமலானில் உங்களுக்கு என்ன கொடுத்தனுப்பினார்கள், போர்ட் சூடானுக்கு யார் வண்டியில் வந்தீர்கள், அந்த வண்டிக்காரர் இப்போது எங்கே. சூடானைப் பற்றித் தமிழில் எழுத உங்களைவிடத் தகுதி யாருக்கும் இல்லை.