இன்னும் ஒரு பதிலும் வரவில்லை

டிசம்பரில் விண்ணப்பித்தேன், மார்ச் முடியப்போகிறது. அரசியல் அறிவியல், பாதுகாப்பு ஆய்வு என்று 6 அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். எதைத் திறந்தாலும் 'பரிசீலனையில்' என்ற அதே ஒற்றைச் சொல். அங்கே பகல் என்றால் பாம்பனில் நடுராத்திரி. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதும் ஒரு தூக்கமா? சத்தம் கேட்டுப் பதறி எழுந்தால் ரீசார்ஜ் விளம்பரம்! விடிந்து கரைக்குப் போனால், மீன் ஏலம் விடுகிறவர் வரை, "சீட்டு கெடச்சிருச்சா தம்பி?"

விண்ணப்பத்தோடு அனுப்ப, 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தைப் பற்றி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினேன். அப்பா வலை போடுகிற கடல் அது. படித்தோம் என்று ஒரு வரி சொல்லக்கூடாதா? விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் ஒரே நொடியில் எடுத்துக்கொண்டார்களே! இடம் கிடைத்தவர்கள் முடிவைச் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசமாம். சரி, நான் எதற்கு முடிவு சொல்வது?