தென்னாப்பிரிக்காவில் 1.5 கோடி ‘சட்டவிரோதக் குடியேறிகளா’?

“தென்னாப்பிரிக்காவில் 1.5 கோடி வெளிநாட்டவர் சட்டவிரோதமாக இருக்கிறார்கள், வேலை எல்லாம் அவர்களுக்கே போகிறது” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. எண்ணிக்கை தவறு.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மொத்தம் சுமார் 6.2 கோடிப் பேர். அதில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 24 லட்சத்துக்குச் சற்று மேல், நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. முறையான அனுமதியோடு வாழ்பவர்களும் இதில் அடக்கம். கணக்கெடுப்பில் ஏறக்குறைய 31 சதவீதம் பேர் விடுபட்டது உண்மைதான். ஆனால் அதைச் சரிக்கட்டிய பிறகு வந்த எண்கள்தான் இவை. சரி, ஆவணம் இல்லாதவர்கள் பயந்து ஒளிந்திருப்பார்கள், இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள் என்றாலும் 24 லட்சம் 1.5 கோடி ஆகாது. வந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஜிம்பாப்வேக்காரர்கள். அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1.5 கோடிதான்! முழு நாடும் எல்லை தாண்டிவிட்டதா என்ன?

இப்படி ஊதிப் பெருக்கிய எண்கள் புதிதல்ல. 1990களில் ஓர் அரசு ஆய்வு நிறுவனமே லட்சக்கணக்கில் மிகையாக மதிப்பிட்டு, அப்புறம் அதைத் திரும்பப் பெற்றது. எண்ணைத் திரும்பப் பெறலாம், அது கிளப்பிய வெறுப்பை முடியாது. 2008 மே மாதம் வெளிநாட்டவருக்கு எதிராக வெடித்த வன்முறையில் 62 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள்.