சிறு மோதலைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டாமா?

“காரில் கீறல் மட்டும்தான், இழப்பீடும் கேட்கப்போவதில்லை என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கத் தேவையில்லை” என்று பரவும் செய்தி தவறானது. தெரிவிப்பது வேறு, இழப்பீடு கோருவது வேறு. கோரினாலும் கோராவிட்டாலும் விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது பெரும்பாலான வாகனக் காப்பீட்டுப் பத்திரங்களில் நிபந்தனையாகவே இடம்பெற்றிருக்கிறது. “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிப் போன எதிர்த்தரப்பினருக்கு மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாத வலி வரலாம். கீறல் மட்டுமே தெரிந்த பிளாஸ்டிக் பம்பருக்குப் பின்னால் சென்சார் இடம் பெயர்ந்திருக்கலாம். வாரங்கள் கழித்து அவர் இழப்பீடு கேட்டு உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும்போதுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரியவந்தால், தாமதத்தைக் காரணம் காட்டி அது பொறுப்பை மறுக்க இடமுண்டு. அந்தச் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழுவதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. “தகவலுக்காக மட்டும்” என்று குறிப்பிட்டு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.