மண்டையைத் திறக்காமலே கேட்கலாம்

என் மகளுக்குச் ‘சோம்பேறிக் கண்’ என்று தெரிந்தபோது அவளுக்கு 5 வயது. நல்ல கண்ணுக்கு ஒட்டுப் போட்டு மறைத்தால் அழுதுகொண்டே சுவரைத் தடவித் தடவி நடப்பாள். கண்ணில் நோய் எதுவும் இல்லை, மூளைதான் அதைப் பயன்படுத்தப் பழகவில்லை என்றார் மருத்துவர்.

இந்த உண்மை தெரியவந்த வழி கொடுமையானது. டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு மூளை ஆய்வாளர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். பிறகு குரங்குக் குட்டிகளுக்கும் அதையே செய்தார்கள். தையலைப் பிரித்த பிறகும் மூளை அந்தக் கண்ணை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூளைக்குள் மின்முனையை இறக்கித்தான் அதைக் கண்டார்கள். 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குட்டிகளுக்கு என் மகள் கடன்பட்டிருக்கிறாள். அதனால்தான், பார்வை ஆய்வில் தலைக்கு மேலிருந்தே மூளை அலையைப் பதிவுசெய்யும் முறை குரங்குக் குட்டிகளுக்கு வருவதை மனதார வரவேற்கிறேன்.

கத்தியும் இல்லை, துளையும் இல்லை. துணியில் சுற்றிய குட்டியின் தலையில், கூழ் தடவிய சின்னச் சின்ன மின்முனைகள். எதிரே திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நொடிக்கு 6 முறை இடம் மாறும். குட்டிக்கு அவை தெரிந்தால் பின்மண்டையில் எழும் அலையும் நொடிக்கு 6 முறை துடிக்கும். அது ஒரு வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். குட்டி வாயை மென்றாலே அதில் மூழ்கிப்போகும். பொறுமையாகத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து சராசரி எடுக்க வேண்டும். கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் துடிப்பு அடங்கிவிடும். அந்தக் குட்டியின் பார்வைக் கூர்மை அன்றைக்கு அவ்வளவுதான்.

மனிதக் குழந்தைக்கும் இதே சோதனைதான். ரீசஸ் குரங்குக் குட்டியின் பார்வை ஒரு வாரத்தில் வளர்வது, நம் குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சி. பன்னிரண்டு வாரம் ஒரே குட்டியைத் தொடர்ந்தால், ஒரு குழந்தையின் முதல் ஆண்டு முழுவதும் கண்ணெதிரே விரியும். எந்த வாரத்தில் ஒரு கண் பின்தங்கத் தொடங்குகிறது என்பதைக் கையோடு பிடிக்கலாம். எந்த நரம்பணு என்று இதில் தெரியாது; இடையில் இருக்கும் மண்டை ஓடு எல்லாவற்றையும் கலங்கலாக்கிவிடும். ஆனால் ‘எப்போது’ என்ற கேள்விக்கு இது போதும். போதும் என்கிற இடத்தில் மண்டையைத் திறக்க அனுமதி கொடுக்கவே கூடாது.

இன்னொன்றையும் கேட்கிறேன். கத்தி படவில்லை என்பதற்காகக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வளர்க்காதீர்கள். தாய் இல்லாத குட்டி துணிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்ததை உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1950களிலேயே காட்டிவிட்டார். பதிவு முடிந்ததும் கூழைத் துடைத்து, குட்டியை அதன் தாயின் மார்பிலேயே கொண்டுபோய் விடுங்கள்.