வாசல்ல மாட்டியிருந்த அந்தப் பலகை

கழட்டிட்டேன். நேத்து ராத்திரியே கழட்டிட்டேன். வீட்டு வாசல்ல அரபி எழுத்து இருக்கிற பலகை ஒண்ணு மாட்டியிருந்தேன். அதைப் பத்தி எங்க அடுக்ககத்து வாட்ஸப் குழுவுல ஓடின பேச்சை நிறையப் பேர் பாத்துட்டீங்க, அதனால முதல்ல இருந்து சொல்லல.

"வாசல்ல எதுக்கு குர்ஆன் வசனம், மதம் மாறிட்டீங்களா?"ன்னு கேட்டவருக்கு: அது வசனம் இல்ல சார். 'அஹ்லன் வ ஸஹ்லன்'. சொந்தபந்தத்துகிட்ட வந்திருக்கீங்க, சமதரையில கால் வச்சிருக்கீங்கன்னு வர்றவங்களைக் கூப்பிடுறது. ஷார்ஜாவுல 11 வருஷம் கூட வேலை பார்த்த லெபனான்காரர், நான் கிளம்புறப்போ கொடுத்தது. அவரும் என்னை மாதிரி ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவர்தான். அவர்கூட அரபிப் பூசைக்குப் போயிருக்கேன். 'அபானா அல்லதீ ஃபிஸ் ஸமாவாத்'னு மொத்தக் கோயிலும் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். நம்ம 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே'தான் அது. அவங்க பைபிள்ல கடவுளுக்குப் பேரே அல்லாஹ்தான்.

அரபி ஒரு மொழி. அந்த எழுத்து, ஜோர்டான்ல பெட்ரா மலையைக் குடைஞ்சு ஊர் செஞ்ச பழங்கால மக்களான நபத்தேயர்களோட எழுத்துல இருந்து வளர்ந்தது. தெற்கு சிரியாவுல ஹர்ரான்னு ஒரு ஊர். அங்க மறைசாட்சி யோவானுக்குக் கட்டின கோயிலோட வாசல் நிலைக்கல்லுல கிரேக்கமும் அரபியும் சேர்ந்து செதுக்கியிருக்கு. வருஷம் 568. அரபி வரி 'அனா ஷராஹீல்'னு தொடங்குது, 'நான் ஷராஹீல்'. அந்தக் கோயிலைக் கட்டினவர் பேரு அது. நபிகள் மதீனாவுக்குப் போனதே 622-ல. ஒரு கிறிஸ்தவன் வாசல்ல அரபி இருக்கறது என்னால வந்த புதுமை இல்ல.

'குர்ஆன் அரபிதானே'ன்னு சொல்வீங்க. ஆமா. பிழையில்லாம ஓதணும்கற அக்கறையிலதான் இலக்கணமும் உயிர்க்குறிகளும் அவ்வளவு செம்மையாச்சு. அதுக்காக அரபியில இருக்கறதெல்லாம் வசனமாகிடுமா? நான் எழுத்துப் படிச்சது பால் பாக்கெட்டுல. 'ஹலீப்'. கடைசி எழுத்து படகு மாதிரி ஒரு வளைவு. கீழ ஒரு புள்ளின்னா பா, மேல ரெண்டுன்னா தா, மூணுன்னா ஸா. டீ கொதிக்கற நேரத்துல கூட்டிக் கூட்டிப் படிப்பேன்.

'நல்வரவுன்னு தமிழ்ல வைக்கலாமே'ன்னு ஒருத்தர். கீழே கோலத்துல தினமும் அதைத்தான் என் மனைவி எழுதுறா, தாண்டித்தான் போறீங்க. மாசாமாசம் நீங்க குழுவுல போடுற 'வசூல்', 'பாக்கி' ரெண்டும் அரபிச் சொல்தான். அதைப் பார்த்து யாரும் பயப்படல.

ஆறு வருஷமா பக்கத்துல இருக்கோம். பெல் அடிச்சு, இது என்னன்னு கேட்டிருக்கலாம். உள்ள கூப்பிட்டு டீ கொடுத்திருப்பேன்.

இன்னொண்ணு. 'வசனம் இல்ல, வசனம் இல்ல'ன்னு நேத்து நான் பத்துத் தடவை எழுதினேன். ரெண்டாவது மாடியில இருக்கிற பாய் வீட்டுல அதை எல்லாம் படிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. இன்னைக்குக் காலையில லிஃப்ட்டுல அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு, என்னால நிமிர்ந்து பார்க்க முடியல. வசனமாவே இருந்தாத்தான் என்ன தப்பு? நான் முதல்ல கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

ஆணி இன்னும் சுவத்துலதான் இருக்கு. பலகையைத் திரும்ப மாட்டப் போறேன்.